விடுமுறை நாளில் கேளிக்கைப் பூங்கா: உள்ளே எத்தனை பேர் என்பதை வாசலிலேயே எழுதி வைக்கட்டும்

மும்பையில் நமது தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் புறப்படும் மாதம் மே. டிக்கெட் கிடைக்காத குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லும் மாதமும் அதுதான். முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்தது 2024 நவம்பர் 1-ம் தேதி. அதன் பிறகும் கோடை விடுமுறையில் நாகர்கோவில் வண்டிக்கும் திருநெல்வேலி வண்டிக்கும் ஜன்னல் திறந்த சிறிது நேரத்துக்குள் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடுகிறது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து "இல்லை" என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன்.

இப்படித் திரும்பிப் போகிறவர் வீட்டில் என்ன சொல்வார்? "ஊருக்கு அடுத்த வருஷம் போகலாம். இந்த வருஷம் ஒரு நாள் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன்" என்பார். 1989-ல் கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு திறந்தது முதல் மும்பைப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை உண்டு. 2013-ல் கோபோலிப் பக்கம் இமேஜிகா வந்த பிறகு ஆசையும் வளர்ந்தது, செலவும் வளர்ந்தது.

சென்ற மே மாதம் எங்கள் சாலில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு நானும் ஒரு பூங்காவுக்குப் போனேன். அவர் தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு விடுமுறை. எந்தப் பூங்கா என்பது இங்கே முக்கியமில்லை. விடுமுறை நாளில் போய் வந்த நண்பர்கள் வேறு பூங்காக்களைப் பற்றியும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஆக நான்கு பேருக்கு நுழைவுக் கட்டணம் ஐயாயிரத்தைத் தாண்டியது. சாதாரண நாளுக்கு ஒரு விலை, கூட்ட நாளுக்கு அதைவிட உயர்ந்த விலை. அதன் மேல் வரி வேறு. 2017-ல் சரக்கு சேவை வரி வந்தபோது பூங்கா நுழைவுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரியில் அதை 18 ஆகக் குறைத்தார்கள். விலை ஏறினால் வரியும் சேர்ந்து ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காலை பத்தரை மணிக்கு உள்ளே போனோம். சாயங்காலம் ஆறு மணிக்குள் பிள்ளைகள் ஏறியது மூன்றே மூன்று ராட்டினம். ஒரு வரிசையில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று படிக்கட்டு வரை போய்விட்டோம். அங்கே சிப்பந்தி ஒருவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, சின்னவள் உயரம் போதாது, ஏற்ற முடியாது என்றார். உயரக் கட்டுப்பாடு நியாயமானது. உயிர் காக்கும் விதி. ஆனால் அந்த அளவுகோலை வரிசையின் வாலில் வைத்திருந்தால் என்ன கெட்டுவிடும்? "அண்ணாச்சி, நம்ம பிள்ள ஒரு விரக்கடைதான் குறைச்சல்" என்று அந்த மனிதர் என்னிடம் சொன்னார், நான்தான் விதியை எழுதியவன் போல.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு ராட்டினத்தில் 24 பேர் உட்காரலாம், ஏற்றி இறக்கிச் சுற்ற நான்கு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 சுற்று, 360 பேர். உங்களுக்கு முன்னால் 60 பேர் இருந்தால் பத்து நிமிடத்தில் ஏறலாம். 720 பேர் நின்றால் இரண்டு மணி நேரம். டிக்கெட் அதே டிக்கெட்தான்; கூட்ட நாளில் அதற்குக் கூடுதல் விலையும் கொடுத்திருக்கிறீர்கள். எந்த வியாபாரத்திலும் விலை கூடினால் சரக்கு அதே அளவாவது இருக்கும். இங்கே விலை கூடக்கூடச் சரக்கு குறைகிறது.

இத்தோடு நின்றதா என்றால் இல்லை. இன்னும் அதிகப் பணம் கொடுத்தால் தனி வரிசையில் விரைவாகப் போகலாம். வெவ்வேறு பெயர்களில் இந்த ஏற்பாடு இப்போது பல பூங்காக்களில் இருக்கிறது. மேலே சொன்ன ராட்டினத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 8 இடம் விரைவு வரிசைக்குப் போனால் மிச்சம் 16. மணிக்கு 240 பேர். இரண்டு மணி நேரமாக இருந்த உங்கள் காத்திருப்பு மூன்று மணி நேரமாகிறது. விரைவு வரிசைக்காரருக்கு மிச்சமாகும் நேரம் எங்கிருந்து வருகிறது? பூங்கா நிர்வாகம் அதைத் தயாரித்துக் கொடுப்பதில்லை. பொது வரிசையில் நிற்பவரின் நேரத்தை எடுத்துத்தான் விற்கிறது. அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்கள் 1999-ல் இந்த வசதியை இலவசமாகத்தான் கொடுத்தன. 2021-ல் அதைக் கட்டண வசதியாக மாற்றிவிட்டார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தட்கால் 1997-ல் வந்தது. பிரீமியம் தட்கால் 2014-ல் வந்தது. 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் உயரும் முறையும் வந்தது. திருமலையில் 300 ரூபாய்ச் சிறப்பு தரிசனம் எல்லோரும் அறிந்தது. ஆகவே பூங்காக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரயில்வே சட்டம் 1989, 57-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒவ்வொரு பெட்டியிலும் அதிகபட்சம் எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்று நிர்வாகம் நிர்ணயிக்க வேண்டும். அந்த எண்ணை இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி ஆகியவற்றில் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்கிறது. 1890-ம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இது இருந்தது. பொதுப் பெட்டியில் 90 என்று எழுதியிருக்க, உள்ளே அதைப்போல் இரண்டு மடங்கு பேர் நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம் என்று வாசகர்கள் சிரிப்பார்கள். சிரிக்கலாம். ஆனாலும் எண் என்று ஒன்று எழுதியிருப்பதால்தான் கேள்வி கேட்க முடிகிறது. புதுடில்லி ரயில் நிலையத்தில் 2025 பிப்ரவரி 15 இரவு நெரிசலில் 18 பேர் இறந்த பிறகு, டில்லி உயர் நீதிமன்றம் ரயில்வேயிடம் இந்த 57-வது பிரிவைக் காட்டித்தான் விளக்கம் கேட்டது. அடுத்த மாதமே 60 நிலையங்களில் வெளியே நிரந்தரக் காத்திருப்பு இடம் அமைப்பதென்று முடிவாயிற்று.

பூங்கா வாசலில் அப்படி ஓர் எண் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை. ரயில் பெட்டிக்குப் பல கதவு; பூங்காவுக்குப் பெரும்பாலும் ஒரே வாசல். டிக்கெட்டை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பது நிர்வாகத்தாருக்கு நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். பணம் கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியாது.

கூட்டம் என்றால் தாமதம் மட்டுமல்ல என்பதை மும்பைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2017 செப்டம்பர் 29, ஆயுத பூஜை நாள். எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில், மழைக்கு ஒதுங்கியவர்களும் வண்டியிலிருந்து இறங்கியவர்களும் சேர்ந்து நெருக்கியதில் 23 உயிர் போயிற்று. அன்று அந்தப் பாலத்தில் ஏறியவர்கள் எல்லோரும் தினமும் போகிற வழியில்தான் போனார்கள். பூங்காவில் கூட்டம் பழக்கமில்லாத கூட்டம். பாதி பேர் குழந்தைகள், பலருக்கு வழி தெரியாது, தரையெல்லாம் ஈரம்.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயம் அல்ல. இன்றைக்கு உள்ளே விடும் உச்ச எண் எத்தனை, இதுவரை விற்ற டிக்கெட் எத்தனை, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் காத்திருப்பு எவ்வளவு நேரம், ஒவ்வொரு சுற்றிலும் விரைவு வரிசைக்கு எத்தனை இடம் என்று மராத்தியிலும் இந்தியிலும் வாசலில் ஒரு பலகை. உயர அளவுகோலும் அங்கேயே இருக்கட்டும். படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் போகட்டும். உச்ச எண் வந்ததும் கதவை மூட வேண்டும் என்று உரிமம் கொடுக்கும் அதிகாரிகள் நிபந்தனை போடலாம். தியேட்டரில் இடம் நிரம்பினால் "ஹவுஸ்புல்" பலகை வைப்பதில்லையா?

கூட்டத்தைப் பிரித்து அனுப்புவதும் நடக்காத காரியமல்ல. மத்திய ரயில்வே 2023 நவம்பரில் மும்பையில் தன் அலுவலக ஊழியர்களுக்கே இரண்டு விதமான வேலை நேரம் வைத்துப் பார்த்தது. மும்பையை ஒட்டிய சில தொழிற்பேட்டைகளில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அங்கே வேலை செய்யும் நம்மவர்கள் பள்ளி விடுமுறையில் ஞாயிறை விட்டுவிட்டு வெள்ளியன்று போனால் வரிசையும் சிறிது, பல இடங்களில் டிக்கெட் விலையும் குறைவு. தாராவிப் பட்டறைக்காரருக்கு அந்த வழி இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட் வாங்குமுன் உயர விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டை அநேகமாக எல்லாப் பூங்காவிலும் தடுக்கிறார்கள். தியேட்டர் வழக்கில் 2023 ஜனவரி 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் அப்படித் தடுக்க உரிமை உண்டு என்றது. ஆனால் குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தையின் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அது தியேட்டருக்குச் சொன்னதுதான். இருந்தாலும் பூங்காவிலும் கேட்டுப் பார்க்கலாம். டிக்கெட்டைக் கசக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்கு உரிய சேவை கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அப்போது அவர்கள் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.