எண்ணப்படாதவர்களின் சராசரி

அமெரிக்காவில் வீட்டுக்கல்விக்கு, அதாவது பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே பாடம் சொல்லித்தரும் முறைக்கு, மேலும் கட்டுப்பாடு வேண்டாம் என்போரின் வாதம் இது: அப்பிள்ளைகள் தேர்வுகளில் பள்ளி மாணவரை விஞ்சுகின்றனர், கல்வி பெற்றோரின் உரிமை, ஆகவே அரசுக்கு அங்கே வேலையில்லை.

முதலில், அந்த மதிப்பெண்கள் யாருடையவை? டெக்சாஸில் வீட்டுக்கல்வியை அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டாம், தேர்வெழுதவும் வேண்டாம்; இத்தகைய இடங்களில் தாமாக முன்வந்து எழுதியவர்களின் சராசரியைக் கொண்டு, எழுத்துக்கூட்டவே கற்பிக்கப்படாத பிள்ளைக்கும் சேர்த்துத் தீர்ப்பளிப்பது தர்க்கமாகாது.

இரண்டாவது, பெற்றோர் உரிமைக்குச் சான்றாகக் காட்டப்படும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1925ஆம் ஆண்டு பியர்ஸ் தீர்ப்பு, பிள்ளைகள் அனைவரையும் அரசுப் பள்ளிக்கே அனுப்பச் சொன்ன ஓரிகன் மாநிலச் சட்டத்தை வீழ்த்தியது உண்மையே. ஆனால் பள்ளிகளை நியாயமான அளவில் ஒழுங்குபடுத்தவும் ஆய்வுசெய்யவும் மாநிலத்துக்குள்ள அதிகாரம் அவ்வழக்கில் கேள்விக்குள்ளாகவில்லை என்று அதே தீர்ப்பு சொல்லும் பகுதி மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

வீட்டுக்கல்வி கொடுமையை மறைக்கக்கூடும் என்ற கவலைக்கு, கொடுமை பள்ளியிலும் நடக்கிறது என்பதும் விடையல்ல; அங்கே பார்க்க நாலு பேர் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பெரிஸ் நகரில் 2018 ஜனவரியில் 17 வயதுச் சிறுமி ஜன்னல் வழியே தப்பி அவசர எண்ணை அழைத்தபின் அவள் உட்பட 13 உடன்பிறப்புகள் மீட்கப்பட்ட வீடு, சிலர் கட்டிலோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த வீடு, வீட்டுக்கல்விக்காகப் பதிவாகி, அரசின் ஏடுகளில் ஒரு தனியார் பள்ளியாக இருந்தது. அத்தகைய பள்ளியை ஆய்வுசெய்யும் அதிகாரம் மாநிலக் கல்வித்துறைக்கு இல்லை.

பென்சில்வேனியாவில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஆண்டுதோறும் பிள்ளையோடு பேசி, அதன் பாடக் கோப்பைப் பார்வையிடுகிறார். அங்கு வீட்டுக்கல்வி அழிந்துவிடவில்லை.