என்னைப் பற்றிய அறிக்கை எனக்கு மட்டும் ரகசியமா?

என் பின்னணிச் சரிபார்ப்பில் ‘ரெட்’ வந்திருக்கிறதாம். அவ்வளவுதான் சொன்னார்கள். நேர்காணல் சுற்றெல்லாம் தேறி, ஆஃபர் லெட்டர் வாங்கி, அதை நம்பி இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் பதில். “என்ன தப்புன்னு சொல்லுங்க மேடம், பேப்பர் எல்லாம் கையில இருக்கு” என்று கெஞ்சினேன். “அது கான்ஃபிடென்ஷியல்மா. கம்பெனி பாலிசி.”

அங்கே வேலை பார்க்கும் தோழி ஒருத்தி வாய்திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சரிபார்ப்பு ஏஜென்சி பழைய கம்பெனிகளுக்கு ஒரு படிவம் அனுப்புகிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகக் காரணம். கடைசியில், இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா? நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ‘மாட்டோம்’ என்று போட்டுவிட்டு, காரணத்தில் ‘அப்ஸ்காண்டிங்’ என்று எழுதியிருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவளாம் நான்!

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். 90 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்த மகள் சென்னையில் உட்கார்ந்திருப்பாள்? ராஜினாமாவை மெயிலில் அனுப்பினேன். நோட்டீஸ் காலத்துக்கான பணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். லேப்டாப்பை கூரியரில் திருப்பி அனுப்பிய ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. பதிலும் இல்லை, ரிலீவிங் லெட்டரும் இல்லை. பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைக்கூடப் போடவில்லை. 2020-இல் ஊழியரே போட்டுக்கொள்ளும் வசதி வந்ததால் நானே போட்டேன். அதற்கப்புறம் சேர்ந்த சின்ன கம்பெனி இதையெல்லாம் துருவவில்லை. என் வேலையைப் பார்த்தது, வைத்துக்கொண்டது. அந்த வேலையைத்தான் இவர்களை நம்பி விட்டேன்.

சரிபார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போலி அனுபவச் சான்று விற்கும் கூட்டம் இருக்கிறது. 2022 நவம்பரில் அக்சென்ச்சர் இந்தியாவில் அப்படிச் சேர்ந்தவர்களை வெளியே அனுப்பியது. பொய் சொல்பவனைப் பிடியுங்கள். ஆனால் நான் கொடுத்த தாளில் எது பொய்? சம்பளச் சீட்டா, ஃபார்ம் 16-ஆ, பட்டமா? எதுவும் இல்லை. ஒரு மேனேஜரின் கோபம் மட்டும் சான்றாகிவிட்டது. அவர் எழுதியதற்கு ஆதாரம் எங்கே என்று அந்த ஏஜென்சியில் ஒருவராவது கேட்டார்களா? என்னிடம் ஒரு போன் போட்டிருந்தால் ரசீதையும் மெயிலையும் அந்த நிமிஷமே அனுப்பியிருப்பேனே!

அமெரிக்காவில் 1970-இல் கொண்டுவந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் இருக்கிறது. இப்படி ஏஜென்சி தந்த அறிக்கையை வைத்து ஒருவருக்கு வேலை மறுக்க நினைத்தால், மறுப்பதற்கு முன்பே அதன் நகலை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். தவறு இருக்கிறது என்று அவர் முறையிட்டால் ஏஜென்சி பொதுவாக 30 நாளுக்குள் மறுபடி விசாரிக்க வேண்டும். அங்கே இதற்குக் கட்டுப்பட்டு நடக்கும் பெரிய ஏஜென்சிகளில் சில இங்கேயும் தொழில் நடத்துகின்றன. சென்னை ஓ.எம்.ஆரில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்குக் கோடு எழுதுகிற எங்களுக்கு அந்த மரியாதை கிடையாதா?

நம் நாட்டிலும் 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். வேலை சார்ந்த காரியங்களுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும், ஒப்புதல் கேட்காமலே தரவைக் கையாள அதன் 7-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. நிறுவனத்துக்கு வரக்கூடிய இழப்பை நினைத்துப் பார்த்தவர்களுக்கு என் இழப்பு ஏன் தோன்றாமல் போயிற்று?

அப்பாவுக்கு இன்னும் பிசியோதெரபி நடக்கிறது. வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். அடுத்து எங்கே போனாலும் இதே படிவம் இதே மேனேஜரின் மேசைக்குத்தான் போகும், அவர் இதையேதான் எழுதுவார். எனக்கு இரக்கம் வேண்டாம். பழைய ஆஃபரையும் நான் கேட்கவில்லை. அந்த அறிக்கையைக் கொடுங்கள். எழுதியவர் பெயரோடு கொடுங்கள். அவர் எதிரில் உட்கார்ந்து என் ரசீதை மேசைமேல் வைக்கிறேன். அப்புறம் எழுதட்டும், நான் ஓடிப்போனவள் என்று.