கோன்பிளேக்ஸில் ஓர் இனிப்புப் பலகாரம்

காலையுணவுக்கென வாங்கிய கோன்பிளேக்ஸ் பெட்டி, பாதி முடிந்த நிலையில் அலுமாரி மூலையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பல இல்லங்களிற் காண்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் நான்கு நாட்கள் சென்றால் அது நமுத்துத் தோல்போல் ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கிய பண்டத்தை எறிய எந்த இல்லத்தரசிக்குத்தான் மனம் வரும்? பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளின் தேநீர் வேளைக்கு அதனையே பலகாரமாக்கலாம்.

இந்தச் சோளச் செதிளுக்கும் சீனிக்கும் ஒரு பழைய பூசல் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பற்றில் கிறீக் நகரில் ஆரோக்கிய நிலையம் நடத்திய டாக்டர் ஜோன் ஹாவி கெலொக்கும் அவர் தம்பி வில் கீத் கெலொக்கும், 1894ஆம் ஆண்டில் கோதுமையைச் செதிளாக்கக் கற்றனர். சோளம் பின்னர் வந்தது. 1906இல் தம்பி தனியே கம்பெனி தொடங்கினார். அவர் செதிளிற் சீனி சேர்த்தது அண்ணனுக்கு உடன்பாடன்று. நாம் இன்று தம்பியின் கட்சி. ஆயினும் அண்ணனை முற்றாக மறந்துவிடவும் மாட்டோம்.

நான்கு கோப்பை கோன்பிளேக்ஸ், அரைக் கோப்பை வறுத்துத் தோல் நீக்கிய கச்சான், கால் கோப்பை மெல்லிய தேங்காய்ச் சொட்டு, ஒரு மேசைக்கரண்டி எள்ளு ஆகியவற்றை எடுத்துக்கொள்க. நமுத்த செதிளைத் தாச்சியில் இளஞ்சூட்டில் ஐந்து நிமிடம் மெல்லக் கிளறி, தட்டிற் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு தொட்டுப் பார்த்து, இன்னும் மெதுவாக இருக்கிறதே என்று மீண்டும் வறுத்துக் கருக்கிவிட வேண்டாம். ஆறிய பின்னரே மொறுமொறுப்புத் தோன்றும். பூஞ்சணமோ சிக்கு மணமோ கண்ட செதிளுக்கு இவ்வைத்தியம் பலிக்காது. தேங்காய்ச் சொட்டையும் ஈரம் முற்றாக வற்றும்வரை பொன்னிறமாக வறுத்தெடுக்க.

இனிப் பாகு. ஆறு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி சீவிய பனங்கட்டி, மூன்று மேசைக்கரண்டி நீர், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், சிட்டிகை உப்பு. எல்லாம் பனங்கட்டியாகவே இருந்தாலென்ன என்று கேட்பீர்கள். மணத்துக்கு அதனை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைச் சீனியைவிட விரைந்து இழுக்கும், அடிப்பிடிப்பதும் எளிது. ஆகவேதான் இந்தப் பங்கீடு. பாகு கொதித்துக் குறுகியதும் ஒரு துளியைக் குளிர்நீரில் இட்டுப் பாருங்கள். உருட்டினால் உருண்டையாகத் திரண்டால் பதம் போதாது. அந்தப் பதத்தில் இறக்கினால் பலகாரம் பல்லில் ஒட்டும். துளி கண்ணாடிபோல் இறுகிச் சடக்கென்று முறிய வேண்டும். உடனே இறக்கி, கால் தேக்கரண்டி அப்பச்சோடா சேர்த்தால் பாகு நுரைத்தெழும். அந்நுரைதான் பாகைக் கல்லாக விடாது கடிப்பதற்கு இலகுவாக்குவது. தாமதியாது எல்லாவற்றையும் கொட்டி, அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டி, வெண்ணெய் பூசிய தட்டிற் பரப்புக. கொதிக்கும் பாகு கொடிதாகச் சுடும்; இவ்வேளையிற் பிள்ளைகள் அடுப்பங்கரைக்கு வருதலாகாது.

நன்றாக ஆறியபின் உதிர்த்து, மூடி இறுகிய போத்தலிலோ தகரப்பேணியிலோ இடுக. சூட்டோடு மூடினால் ஆவி உள்ளே படிந்து பட்ட பாடெல்லாம் வீணாகும்.

சிறு கையளவிற் சேரும் பாகு ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். அண்ணன் கெலொக்கை நினைந்து, பேணியைப் பிள்ளைகளிடம் கொடாது, சிறு கிண்ணத்தில் அளந்து கொடுப்பதே நம் வழக்கம். அன்று தேநீருக்குச் சீனியும் குறைப்போம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கக்கூடும். வீட்டிற் சிறு பிள்ளை இருப்பின், கச்சானையும் தேங்காய்ச் சொட்டையும் விட்டு எள்ளோடு மட்டும் கிளறிக்கொள்ளலாம்.