படம் பளபளத்தால் போதுமா?

வீடியோ கேம் பற்றி மலரில் எழுதப் போகிறேன் என்றதும், "டேய், படிப்பைப் பத்தி எழுதுடா" என்றான் என் பெஞ்சுக்காரன். இதுவும் படிப்புதான். இந்த வருஷம் பிராஜெக்டுக்கு கேம் செய்ய நினைத்த நம் பையன்கள் பலர், "நமக்கு கிராபிக்ஸ் வராதுப்பா" என்று பின்வாங்கிவிட்டார்கள். அது தேவையில்லாத பயம். படம் எளிமையாக இருந்தால் ஆட்டம் இன்னும் ருசிக்கும் என்பது என் கட்சி.

1997-இல் நோக்கியா 6110 போனில் வந்த பாம்பு விளையாட்டைப் பாருங்கள். திரையில் குறுக்கே 84, நெடுக்கே 48 புள்ளிகள், மொத்தமே 4,032. கலர் கிடையாது. ஆனால் பாம்பு செத்தால் ஏன் செத்தது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தப்பு நம்முடையது. அதனால்தான் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கை துறுதுறுக்கிறது. இப்போதைய பெரிய ஆட்டங்களிலோ புகை, புல், வெளிச்சம் இவற்றுக்கு நடுவே எவன் சுட்டான் என்றே தெரியாமல் சாகிறோம். அதில் என்ன கிக்?

1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸ் எழுதிய எலெக்ட்ரோனிகா 60 கம்ப்யூட்டரில் படம் போடும் வசதியே இல்லை. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டம் காட்டினார் மனுஷன்! 1978-இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் வேடிக்கை. எதிரிகள் குறையக் குறைய மெஷினுக்கு வரைகிற வேலை குறைந்து, மிச்சமிருப்பவை வேகமாக ஓடின. உருவாக்கிய நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். கடைசி ஒருத்தனைச் சுடும்போது நெஞ்சு படபடப்பது அதனால்தான்.

நம் கையில் இருப்பதும் விலை குறைந்த போன்தானே? சத்துவாச்சாரி சித்திரை வெயிலில் கனமான கேம் போட்டால் பத்தே நிமிஷத்தில் தோசைக்கல் ஆகிவிடும். சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கும், விரல் வைத்த பிறகுதான் ஆள் குதிப்பான். எங்க தெருவில் ஷூ கம்பெனிக்குப் போகிற அக்கா ஒருத்தங்க, கம்பெனி பஸ்ஸில் சிக்னல் போனதும் குரோமில் வரும் டைனோசரைத்தான் ஓட்டுவாங்க. கறுப்பு வெள்ளை, ஒரே பட்டன். ராணிப்பேட்டை வந்ததே தெரியலன்னு சொல்வாங்க.

அழகான படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் புனே இளைஞர்கள் கொண்டுவந்த 'ராஜி' கண்ணுக்கு விருந்து. படம் சுமாராக இருந்தும் அறுவையான ஆட்டங்கள் ஆயிரம் உண்டு. ஆனால் ஆம்பூர் பிரியாணியை வெள்ளித் தட்டில் வைத்தாலும் வாழை இலையில் வைத்தாலும் உப்பு, காரம் தானே முதலில் சரியா இருக்கணும்?

பின்வாங்கிய நண்பர்களுக்கு ஒரு யோசனை: கோயில் மண்டபத் தரையில் செதுக்கி வைத்திருக்கும் ஆடு புலி ஆட்டத்தையே எடுங்கள். 3 சிவப்பு வட்டம் புலி, 15 வெள்ளை வட்டம் ஆடு, 23 புள்ளிகள். படம் வரைய ஒரு சாயங்காலம் போதும். எந்த ஆட்டை எப்போது தாண்டி வெட்டலாம் என்று புலியை யோசிக்க வைக்கிற புரோகிராமுக்குத்தான் ஒரு மாசம் மண்டை காயும்.