கீழ்ப்படியாத இரண்டு கேப்டன்கள்

மாட்ரித் நகரில் ட்ரிபுனால் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சந்து சந்தாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ‘மே இரண்டு சதுக்கம்’ வரும். நான் போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் காபிக்கடை நாற்காலிகள். நடுவில் ஒரு செங்கல் வளைவு. மொந்தெலியோன் என்ற பீரங்கிப்படை முகாமின் வாசல் அது. முகாம் போய்விட்டது, வாசல் மட்டும் மிச்சம். அந்த வாசலில்தான் வெள்ளைப் பளிங்கில் இரண்டு பேர், கையில் வாளோடு உறுதிமொழி எடுக்கிற கோலத்தில் நிற்கிறார்கள். கேப்டன் லூயிஸ் தாவோயிஸ், வயது 41. கேப்டன் பெத்ரோ வெலார்தே, வயது 28.

படைவீரருக்குச் சிலை வைப்பது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இந்த இருவருக்கும் சிலை வைத்தது மேலிடத்து உத்தரவை மீறியதற்காக.

1808. நெப்போலியனின் படை மாட்ரித்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பெயினின் அரச குடும்பத்தை ஒவ்வொருவராகப் பிரான்சுக்குள் இருக்கும் பயோன் நகருக்கு வரவழைத்துவிட்டார்கள். மே 2 காலையில் கடைசி இளவரசனையும் வண்டியேற்றப் போகிறார்கள் என்று தெரிந்து அரண்மனை வாசலில் கூட்டம் கூடியது. பிரெஞ்சுக்காரர்கள் சுட்டார்கள். ஊர் எழுந்தது. சமையலறைக் கத்தி, கட்டை, பூத்தொட்டி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஸ்பானிய ராணுவத்துக்கு வந்த உத்தரவோ, முகாமை விட்டு வெளியே வராதே என்பது. பெரும்பாலோர் வரவில்லை.

மொந்தெலியோன் வாசலில் ஜனம் நின்று ஆயுதம் கேட்டது. வெலார்தே வந்து வற்புறுத்தினார். தாவோயிஸ் யோசித்தார், இருவரில் மூத்தவர், பொறுப்பில் இருந்தவரும் அவரே. ஒரு கட்டத்தில் உத்தரவுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிடங்கைத் திறக்கச் சொன்னார் என்பார்கள். பீரங்கிகளை வாசலுக்குத் தள்ளிவந்து தெருவைப் பார்த்து நிறுத்தினார்கள். காய்ச்சலில் படுத்திருந்த ஹசிந்தோ ருயிஸ் என்ற காலாட்படை லெப்டினன்ட்டும் எழுந்து வந்து சேர்ந்தார். குண்டு தீர்ந்தபோது துப்பாக்கிக்கான சிக்கிமுக்கிக் கற்களை அள்ளிப் போட்டுச் சுட்டதாகச் சொல்கிறார்கள். சில மணி நேரம்தான், அதற்குமேல் தாங்கவில்லை. வெலார்தே சுடப்பட்டு அங்கேயே விழுந்தார். தாவோயிஸைத் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தினார்கள். வீட்டுக்குத் தூக்கிப்போன பிறகு உயிர் போனது. அன்று இரவும் மறுநாள் விடியலிலும் நடந்த சுட்டுக்கொலைகளைத்தான் கோயா பிறகு ஓவியமாக்கினார்.

தளபதியின் சொல்லைத் தட்டுகிறவனைக் கொண்டாடுவது ராணுவத்துக்கு வில்லங்கமான வேலை. 1936-இல் தளபதி ஃப்ராங்கோவும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்பெயின் அரசுக்கு எதிராக எழுந்ததும் கீழ்ப்படியாமைதானே என்று யாராவது கேட்கலாம். என் கணக்கு எளிமையானது. இவர்கள் ஆயுதக் கிடங்கைத் திறந்து ஜனங்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் ஆயுதத்தை ஜனங்கள் பக்கம் திருப்பினார்கள்.

இவர்கள் எந்த அரசன் பெயரைச் சொல்லிச் செத்தார்களோ, அந்த ஏழாம் பெர்னாந்து 1814-இல் திரும்பி வந்து முதல் வேலையாக 1812-இன் அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிந்தார். அந்தோனியோ சோலா ரோமில் இந்தச் சிலையை உருவாக்கியது 1822-இல், அரசனை அடக்கிவைத்து அந்தச் சட்டம் மறுபடி நடப்பில் இருந்த மூன்றே ஆண்டு இடைவெளியில். மாட்ரித்துக்கு வந்த பிறகும் சிலைக்கு நிம்மதி இல்லை. வாடகை வீட்டுக்காரர் மாதிரி ஊரெல்லாம் இடம் மாறி, 1932-இல்தான் சண்டை நடந்த இந்த வாசலுக்கே திரும்பியது. இன்னமும் கையில் இருக்கும் வாளை யாராவது உடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

காலாட்படைக்கு மனத்தாங்கல் இருந்திருக்க வேண்டும். 1891-இல் மரியானோ பென்யியூரே வடித்த ருயிஸின் சிலை இன்னொரு சதுக்கத்தில் எழுந்தது. எண்பத்து மூன்று வருடம் பிந்தி. இரண்டு கேப்டன்களின் எலும்புகள் இங்கே இல்லை. பிராதோ மியூசியத்துக்குப் பக்கத்தில் 1840-இல் திறந்த தூணின் அடியில், அந்த எழுச்சியில் செத்த மற்றவர்களின் சாம்பலோடு இருக்கின்றன. 1985 முதல் அங்கே அணையாத விளக்கு எரிகிறது.

சிலையிலிருந்து நாலு எட்டு வைத்தால் தாவோயிஸ் தெரு, வெலார்தே தெரு, ருயிஸ் தெரு எல்லாம் உண்டு. ஆனால் பேட்டையின் பெயர் மலசான்யா. அன்று செத்த மனுவேலா மலசான்யா என்ற பதினேழு வயதுத் தையல்காரியின் பெயர். அவளிடம் இருந்த கத்தரிக்கோலை ஆயுதம் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள் என்பது ஊர்ப் பேச்சு. நீங்கள் போவதாக இருந்தால் டாக்சிக்காரரிடம் கேப்டன்கள் பெயரைச் சொல்லிச் சிரமப்பட வேண்டாம். மலசான்யா என்றால் போதும்.