ஜன்னலோரக் கண்கள்

சாத்தூரைத் தாண்டித் தெற்கே போகும் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள். வெளியே என்ன பெரிய காட்சி? கரிசல் காடுதான்! உழுத சால்கள் கறுப்புக் கோடுகளாக ஓடும். விதைப்பு முடிந்த பிறகு கம்பும் உளுந்தும் பருத்தியும் வரிசை வரிசையாக ஓடும். நடுநடுவே ஒற்றைப் பனை. அடுத்த தடவை இவற்றைப் பார்க்காதீர்கள். எதிரே உட்கார்ந்து வெளியே பார்க்கிறவருடைய கண்களைப் பாருங்கள். கோவில்பட்டி வருவதற்குள் ஒரு வேடிக்கை புலப்படும்.

அவருடைய கருவிழி ஒரு பக்கமாக மெல்ல நகரும். சட்டென்று துள்ளித் திரும்பும். மறுபடி மெல்ல நகரும்; மறுபடி துள்ளும். "ஏன் ஸார் கண்ணை இப்படி ஆட்டுகிறீர்கள்?" என்று கேட்டால், "நானா? சும்மா அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறேன்!" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. இது அவருடைய உத்தரவு இல்லாமலே நடக்கும் காரியம். 'ஆப்டோகைனெடிக் நிஸ்டாக்மஸ்' என்று இதற்கு வாய் நிறையப் பெயர். ஜெர்மன் டாக்டர்கள் சுலபமாக 'ரயில் கண்ணாட்டம்' என்றே சொல்லிவிட்டார்கள்.

எதற்காக இந்த ஆட்டம்? ஓடுகிறவனைப் போட்டோ எடுக்கும்போது காமிராவை ஆடாமல் பிடித்தால் அவன் உருவம் கலைந்து போகும். அவனோடு சேர்த்துக் காமிராவையும் திருப்பினால் தெளிவாக விழும். கண்ணும் அதைத்தான் செய்கிறது. ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிறது. எல்லைக்கு வந்ததும் விட்டுவிட்டு, அடுத்த பனைக்குத் தாவுகிறது. தாவுகிற அந்த நொடிப்பொழுதில் மூளை நமக்குத் திரை போட்டுவிடுவதால் தாவல் நமக்குத் தெரிவதில்லை.

புறா நடக்கும்போது தலையை வெட்டி வெட்டி நடக்கிறதே, அதுவும் இந்த ஜாதிதான். 1978-ல் புறாவை ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கால் நடந்தது; சுற்றுப்புறம் நகரவில்லை. தலை ஆட்டமும் நின்றுவிட்டது!

கண்ணுக்கு இதில் ஒரு கூட்டாளி உண்டு: காது. உட்காதில் உள்ள வளைகுழாய்களின் திரவம் தலை திரும்புவதை உணர்ந்து கண்ணுக்குச் சொல்லும். குழந்தைகள் தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் உலகம் சுற்றுகிறதே, அது இந்தத் திரவத்தின் லீலை. இந்தக் காது விவகாரத்தை ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் ரஷ்யாவில் யுத்தக் கைதி! பஸ்ஸில் புத்தகம் படித்தால் சிலருக்குக் குமட்டுவதும் இந்தக் கூட்டாளிகளின் சண்டையால்தான். 'எல்லாம் அசையாமல் இருக்கிறது' என்கிறது கண்; 'ஆடுகிறது' என்கிறது காது.

டாக்டர்கள் இந்த ஆட்டத்தைப் பரீட்சையாக்கிவிட்டார்கள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உருளை ஒன்றைக் கண்ணெதிரே சுழற்றுவார்கள். பார்வையே இல்லை என்று சாதிப்பவரின் கண் அதைக் கண்டு ஆடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிட முக்கியமான உபயோகம், பேசத் தெரியாத குழந்தைக்கு. 1957-ல் அமெரிக்க டாக்டர்கள் பிறந்து சில நாளே ஆன சிசுக்களின் முகத்துக்கு மேலே கோடு போட்ட தாளை நகர்த்தினார்கள். பெரும்பாலான சிசுக்களின் கண்கள் கோடுகளோடு போய்த் துள்ளித் திரும்பின.

தாய்மார்களே, உங்களுக்கு உருளை வேண்டாம். மூன்று மாதமாகியும் குழந்தை உங்கள் முகத்தைக் கண்ணால் பின்தொடராவிட்டால், எதிரே எதுவும் அசையாதபோதே கண் ஆடிக்கொண்டிருந்தால், கருவிழி நடுவில் வெள்ளை தெரிந்தால், உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பாட்டி சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிறவிக் கண்புரையைச் சீக்கிரமே நீக்கினால்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும். காலம் தவறினால் கண் தெளிந்தும் பார்வை முழுதாக வராது.

இதே கரிசல் மண்ணில், அயன்வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1988-ல் திருநெல்வேலியிலும் ஒன்று வந்தது. கோவில்பட்டிக்காரர்களுக்கு வடக்கே ரயில் ஏறினாலும் சரி, தெற்கே ஏறினாலும் சரி, கண் டாக்டர் உண்டு. ஏறத்தான் வேண்டும்!