நட்சத்திரத்தை விரிப்பது யார்?



போன செமஸ்டரில் நடந்தது இது. லேப்பில் லினக்ஸ் கம்ப்யூட்டரில் வேண்டாத '.ஓ' ஃபைல்களை மட்டும் அழிக்க நினைத்தேன். 'ஆர்எம் *.ஓ' என்று அடிக்க வேண்டியவன், நட்சத்திரத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். அவ்வளவுதான்! மூன்று மாதமாக எழுதிய சி புரோகிராம் அத்தனையும் போச்சு. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு சார்" என்றேன். கெட்டிருந்தது கம்ப்யூட்டர் அல்ல, என் புரிதல்தான்.

'நட்சத்திரம் என்றால் எல்லாம்' என்று மனப்பாடம் செய்கிறோம். அந்த 'எல்லாம்' எது எது என்று யார் எண்ணுகிறார்கள்? கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று போடுகிறோம். எத்தனை பேர் என்று யாராவது எண்ணித்தானே இலை போட வேண்டும்?

யூனிக்ஸ், லினக்ஸில் கல்யாண வீட்டுக்காரரே எண்ணிவிடுவார். நாம் அடிப்பதை முதலில் வாங்கும் ஷெல், நட்சத்திரத்தை ஃபைல் பெயர்களாக விரித்துத்தான் புரோகிராமிடம் கொடுக்கும். 1971-ல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பில் இதற்கென்றே 'குளோப்' என்ற தனி புரோகிராம் இருந்தது. 1979-ல் ஏழாம் பதிப்பின் போர்ன் ஷெல் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆர்எம் கைக்கு வந்தது வெறும் பெயர்ப் பட்டியல். நான் நட்சத்திரம் போட்டதே அதற்குத் தெரியாது. பிறகு அதைத் திட்டி என்ன பயன்?

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் கதை வேறு. அங்கே எண்ண வேண்டியவர் சமையல்காரர். '*.சி' என்று அடித்தால் அது அப்படியே நம் புரோகிராமின் 'ஆர்க்வி'யில் வந்து நிற்கும். விஷுவல் சி-யில் 'செட்ஆர்க்வி.ஓபிஜே'யைச் சேர்த்து லிங்க் செய்ய வேண்டும். இல்லையேல் 'ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல்' கொண்டு நாமே தேட வேண்டும்.

இந்த வித்தியாசத்தை லேப்பின் முதல் வாரமே சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து. கூடவே ஒரு பழக்கமும் வேண்டும்: லினக்ஸில் அழிக்கும் முன் ஆர்எம் இருக்கும் இடத்தில் 'எக்கோ' போட்டுப் பாருங்கள். எந்தெந்தப் பெயர் போகப்போகிறது என்று திரையிலேயே தெரிந்துவிடும்.

என் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எந்தக் காகிதம் வந்தாலும், "முழுசாப் படிச்சுச் சொல்லுப்பா, அப்புறம் போடுறேன்" என்பார். படிக்காத அவருக்குத் தெரிந்தது, எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்த எனக்குத் தெரியாமல் போச்சு.

தோழர்களே, என்டர் தட்டும் முன் ஒருமுறை படிப்போம்!